அந்த ஒரு வருஷத்தை வெட்டச் சொல்லாதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரிலை வாசகர் கடிதப் பக்கத்திலை ஒரு அப்பா எழுதியிருந்தவர். மகளுக்கு இன்ரநஷனல் எக்கனொமிக்ஸ் படிக்க யூனியிலை இடம் கிடைச்சிருக்காம், ஆனால் அது நாலு வருஷக் கோர்ஸாம், மூண்டாவது வருஷம் வேறை ஒரு நாட்டிலை போய்ப் படிக்க வேணுமாம், இது படிப்போ இல்லாட்டி ஊர் சுத்திப் பாக்கிறதோ, பெற்றோரிட்டைக் காசு பிடுங்க வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச வழி, எல்லாரும் பிள்ளையளை மூண்டு வருஷக் கோர்ஸுக்கு மாத்தச் சொல்லுங்கோ எண்டு. வாசிச்சிட்டு ரெண்டு நாள் பேசாமல் இருந்தன். மூண்டாம் நாளும் மனம் கேக்கேல்லை, அதாலைதான் எழுதுறன். நான் பத்து வயசிலை ஊரிலையிருந்து வந்தனான், அதுக்குப் பிறகு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை படிச்ச தமிழ்தான், எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கோ, கருத்தைத் திருத்தாதேங்கோ.

அந்தக் கோர்ஸ்தான் நானும் படிச்சனான். 2019 இலை இங்க இங்கிலாந்திலை ஒரு யூனியிலை தொடங்கி 2023 இலை முடிச்சன், நடுவிலை 2021 செப்ரெம்பரிலையிருந்து 2022 ஜூலை வரைக்கும் ஜேர்மனியிலை, மன்ஹைம் எண்ட ஊரிலை. அதாலை கேள்விப்பட்ட கதை சொல்லேல்லை, பட்ட கதைதான் சொல்லுறன்.

முதல் காசுக் கதையை முடிச்சிட்டு வாறன். அந்த அப்பா எழுதினவர் "இன்னொரு ஒன்பதாயிரத்துச் சொச்சம் பவுண் தண்டம்" எண்டு. அது பிழை. இங்கிலாந்திலை ஹோம் ஸ்ருடன்ற் எண்டு கணக்கெடுக்கிற பிள்ளைக்கு, முழு வருஷமும் வெளிநாட்டிலை படிச்சால், அந்த வருஷத்துக்கு யூனி அறவிடக்கூடிய உச்சக் கட்டணம் வழமையான கட்டணத்திலை 15 வீதம்தான். எங்கட காலத்திலை வருஷம் 9,250 பவுண், நான் மன்ஹைம் போன வருஷத்துக்குக் கட்டினது 1,385. 2025 செப்ரெம்பரிலை கட்டணம் 9,535 ஆகினாப் பிறகு அந்த 15 வீதம் 1,430. அங்கத்தைய யூனிக்குத் தனியாப் படிப்புக் கட்டணம் கட்டத் தேவையில்லை, ஏனெண்டால் ரெண்டு யூனியும் பிள்ளையளை மாத்தி மாத்தி அனுப்புற ஒப்பந்தம், அவன்ர பிள்ளை இங்க வரும், எங்கட பிள்ளை அங்க போகும். ஆனால் ஒண்டு, ஊரிலையிருந்தோ இந்தியாவிலையிருந்தோ ஸ்ருடன்ற் விசாவிலை வந்து படிக்கிற பிள்ளையளுக்கு இந்த உச்சவரம்பு இல்லை, ஒவ்வொரு யூனியும் ஒவ்வொரு கணக்கு வைச்சிருக்கும், அவை சேர முதலே எழுத்திலை கேட்டு வைக்கிறது நல்லது.

கட்டணம் குறைவெண்டு சொல்லிப்போட்டு மற்றதை மறைச்சால் நான் பொய்காரி ஆயிடுவன். உண்மையான கரைச்சல் வேறை இடத்திலை. பிரெக்சிற்றுக்கு முதல் இதே கோர்ஸ் படிச்ச அக்காமார் பாஸ்போட்டைக் காட்டிப்போட்டு ஜேர்மனிக்குள்ளை போய் இருந்தவை, ஒருத்தரும் உன்னட்டைக் காசிருக்கோ எண்டு கேக்கேல்லை. நாங்கள் போனது 2021 இலை. விசா எடுக்காமல் உள்ளை போகலாம், அது சரி, ஆனால் தொண்ணூறு நாளுக்கு மேலை நிக்கிறதெண்டால் அங்க போய் இருக்கிறதுக்கான அனுமதி எடுக்க வேணும், அதுக்கு மாசம் 861 யூரோப்படி ஒரு வருஷத்துக்கு 10,332 யூரோ கையிலை இருக்கெண்டு காட்ட வேணும். பூட்டு எக்கவுண்ட் எண்டு ஒண்டு இருக்கு, முழுக் காசையும் அதுக்குள்ளை போட்டால் அது மாசாமாசம் 861 ஐ மட்டும் வெளியிலை விடும். பிறகு 2024 இலை அந்தத் தொகை இன்னும் கூடி மாசம் 992 ஆகினது. எங்கட அப்பா பெற்றோல் செட்டிலை இரவு வேலை, அம்மா ஸ்கூல் கன்ரீனிலை. பத்தாயிரம் யூரோ மொத்தமா எங்கையிருந்து வரும்?

அம்மா சீட்டு எடுத்தா. பத்தாயிரம் பவுண் சீட்டு, இருபது பேர், மாசம் ஐந்நூறு. தம்பிக்குக் கார் வாங்கவெண்டு கடைசி வரை விடாமல் வைச்சிருக்கிற எண்ணம், அதை நாலாம் மாசமே 1,400 கழிவிலை கூறி எடுத்தா, கையிலை வந்தது 8,600. நான் எக்கனொமிக்ஸ் படிக்கிற பிள்ளையெல்லே, கோபத்திலை கணக்குப் போட்டு, இந்தக் கழிவுக்குள்ளை வருஷ வட்டி எவ்வளவு நிக்குதெண்டு கடதாசியிலை எழுதிக் காட்டினன். அம்மா அதைப் பாக்கக்கூட இல்லை. "பாங்க் உன்ர முகத்தைப் பாத்துக் காசு தருமோ? தாய்ச்சி தருவா" எண்டா, தாய்ச்சி எண்டது சீட்டு நடத்துறவ. கிரெடிற் மார்க்கெற் எல்லாருக்கும் ஒரே மாதிரித் திறந்து கிடக்காது எண்டதுக்கு முதல் லெக்சர் அதுதான்.

மற்றது ரூறிங் உதவிக் காசு. பிரித்தானியா எராஸ்முஸ் எண்ட ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தை விட்டு வெளியிலை வந்தாப் பிறகு அதுக்குப் பதிலா 2021 இலை தொடங்கின திட்டம், நாங்கள்தான் முதல் வருஷப் பிள்ளையள். ஜேர்மனிக்கு மாசம் 335 பவுண், வீட்டு வருமானம் 25,000 பவுணுக்கு உள்ளை எண்டால் அதுக்கு மேலை இன்னுமொரு 110. நல்ல காசுதான், மறுக்கேல்லை. ஆனால் என்ர யூனி ஒப்பீசிலை (பேர் வேண்டாம், இப்பவும் எனக்குக் கிறிஸ்மஸ் இமெயில் அனுப்புறவை) ஒரு ஃபோர்மைத் துலைச்சு, பிறகு வேறை ஃபோர்ம் அனுப்பி, அதைப் பிழையெண்டு திருப்பி, முதல் காசு கையிலை வரேக்கை நவம்பர் கடைசி. பூட்டு எக்கவுண்டும் லேசிலை திறபடேல்லை, அங்க விலாசம் பதிஞ்சு, அங்க ஒரு பாங்க் எக்கவுண்ட் திறந்து, அதுக்குப் பிறகுதான் முதல் 861 இறங்கும். ஆக, பத்தாயிரம் யூரோவுக்குச் சொந்தக்காரி நான், ரெண்டு மாசம் சித்தப்பா தந்த 700 யூரோவிலை பாணும் முட்டையும் திண்டு கிடந்தன். காசில்லாத பிள்ளை போகேலாது எண்டு சொல்லேல்லை, முதல் மூண்டு மாசக் காசு கையிலை இல்லாமல் போகாதேங்கோ எண்டுதான் சொல்லுறன், அவை அனுப்புவினம் எண்டு நம்பி வீட்டு அட்வான்ஸைக் கட்டாதேங்கோ.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் வேணும், அவர் இல்லாட்டி நான் போயிருக்கவே மாட்டன். அப்பா முதல்லை ஒரே பிடி, பொம்பிளைப் பிள்ளை, தனிய, பாசை தெரியாத ஊர், ஆர் பாக்கிறது, சனம் என்ன கதைக்கும். (அந்தக் கடிதம் எழுதின அப்பாவும் காசைச் சாட்டி உதைத்தான் சொல்லுறாரோ எண்டு எனக்கொரு சந்தேகம். பிழையெண்டால் மன்னிக்க வேணும்.) சித்தப்பா ஸ்ருட்கார்ட்டுக்குக் கிட்ட இருக்கிறவர், எண்பதுகளிலை கனபேர் வந்த மாதிரி கிழக்கு பேர்லினிலை பிளேனாலை இறங்கி மேற்குக்கு வந்தவர், அப்ப அவரிட்டை இருந்தது ஒரு ஸ்வெற்றரும் ஒரு ஃபோன் நம்பரும். அவர் அப்பாவுக்கு வட்ஸ்அப்பிலை சொன்னது ஒரே வசனம்: "அண்ணை, நான் பேப்பர் ஒண்டும் இல்லாமல் வந்தன், இவள் ஃபைல் கட்டோடை வாறாள், பயப்பிடாதை." அதோடை அப்பா அடங்கிட்டார்.

மன்ஹைமிலை நடு ஊருக்குள்ளை தெருவுக்குப் பேரே இல்லை, சதுரம் சதுரமா வெட்டி ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு எழுத்தும் ஒரு இலக்கமும். என்ர விலாசத்தை அனுப்பினால் அப்பா கேட்டார், "உது விலாசமோ கார் நம்பரோ?" யூனி இருக்கிறது பழைய அரண்மனை ஒண்டுக்குள்ளை. பாலத்தைக் கடந்து றைன் ஆத்துக்கு அங்காலை போனால் லுட்விக்ஸ்ஹாஃபன், பிஏஎஸ்எஃப் கெமிக்கல் ஃபக்ரறி, ஆத்தங்கரை முழுக்கக் குழாயும் புகைபோக்கியும், ஒரு தனி ஊர் அது. மற்ற ஜேர்மன் யூனியளிலை ஒக்ரோபர் நடுவிலைதான் வகுப்புத் தொடங்கும், மன்ஹைமிலை செப்ரெம்பரிலையே தொடங்கி டிசெம்பரிலை முடியும், இங்கத்தைய கலண்டரோடை ஒத்துப் போறதாலை இங்கிலாந்துப் பிள்ளையளுக்கு வசதி.

சரி, படிப்புக்கு வாறன். இந்தப் பாடத்தை ஆர் எடுத்தாலும் முதல் வருஷம் முதல் மாசம் ரிக்கார்டோ எண்ட பழைய இங்கிலாந்துப் பொருளியலாளரிலைதான் தொடங்குவினம். 1817 இலை அவர் எழுதின உதாரணம்: ஒரு வருஷத்து வைன் செய்ய போர்த்துக்கல்லுக்கு 80 பேர் உழைப்பு, துணிக்கு 90 பேர், இங்கிலாந்துக்கு வைனுக்கு 120, துணிக்கு 100. ரெண்டையுமே போர்த்துக்கல் குறைஞ்ச ஆளோடை செய்யுது, ஆனாலும் போர்த்துக்கல் வைனைச் செய்து இங்கிலாந்து துணியைச் செய்து மாத்திக்கொண்டால் ரெண்டு பேருக்கும் லாபம். கேக்க அழகாயிருக்கும், நானும் முதல் வருஷம் அதைப் பாடமாக்கி எழுதி 68 மார்க்ஸ் எடுத்தனான். மன்ஹைமிலை வர்த்தக வகுப்பிலை என்னோடை லிஸ்பனிலையிருந்து வந்த பெட்டை ஒருத்தி இருந்தவள். இந்த உதாரணம் போட்டவுடனை அவள் சிரிச்சுப்போட்டுக் கையைத் தூக்கினாள். எங்கட ஊரிலை இதை வேறை விதமாப் படிப்பிக்கிறவை எண்டாள். 1703 இலை இங்கிலாந்தோடை செய்த மெதுவன் ஒப்பந்தத்திலை இங்கிலாந்துக் கம்பளித் துணியை உள்ளை விட்டதாலைதான் எங்கட துணித் தொழில் தலை தூக்கேல்லை எண்டு எங்கட ரீச்சர்மார் சொல்லுறவை, வைனிலை நீங்கள் கெட்டிக்காரர் எண்டு சொன்னது ஆர், துணி வித்தவன்தானே எண்டாள். புரொஃபெசர் விடேல்லை, அதுக்குப் பிரேசிலிலையிருந்து போர்த்துக்கல்லுக்கு வந்த தங்கத்தையும் கணக்கிலை எடுக்க வேணும் எண்டு அவர் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம், அரை மணித்தியாலம். ரிக்கார்டோவின்ர குடும்பமே போர்த்துக்கல் வழி வந்த யூத குடும்பம் எண்டதும் அண்டைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. அந்த ரெண்டு நாடு, ரெண்டு சாமான் பெட்டிக்குள்ளை ஒரு நாட்டு ஆள் எழும்பி நிண்டு கதைச்சதை நான் அதுக்கு முதல் காணேல்லை. இங்கிலாந்திலை இருந்து படிச்சிருந்தால் எனக்கு எப்பவும் துணிக்காரன்ர பக்கம்தான் தெரிஞ்சிருக்கும்.

பிறகு 2022 பெப்ரவரி 24, உக்ரைன் சண்டை. மார்ச் மாசம் சுப்பர்மார்க்கெற்றிலை சூரியகாந்தி எண்ணெய் இல்லை. வடை சுடுவம் எண்டு நாலு இந்தியப் பெடியளும் நானும் கடலைப்பருப்பு ஊறப்போட்டிட்டு எண்ணெய் வாங்கப் போனால் தட்டு வெறுமை, ஒராளுக்கு இத்தினை போத்தில்தான் எண்டு துண்டு மட்டும் ஒட்டிக் கிடக்கு. உலகச் சூரியகாந்தி எண்ணெய் ஏற்றுமதியிலை உக்ரைன்தான் பெரிய ஆள் எண்டது ஸ்லைட்டிலை ஒரு வரி, ஊறின பருப்போடை நிக்கேக்கை அது வேறை மாதிரி. ஒலிவ் எண்ணெயிலை சுட்டம், வாயிலை வைக்கேலாது.

அந்த மாசம் வகுப்பெல்லாம் எரிவாயுச் சண்டை. ரஷ்யாவிலையிருந்து வாற காஸை ஜேர்மனி உடனை நிப்பாட்டினால் என்ன நடக்கும் எண்டு சில பொருளியலாளர் சேர்ந்து கணக்குப் போட்டு மார்ச்சிலை வெளியிட்டவை, நாட்டு உற்பத்தி 0.5 தொடக்கம் 3 வீதம் வரைக்கும் குறையும், கஷ்டம்தான், ஆனால் தாங்கலாம் எண்டு. அப்ப ஜேர்மனியின்ர சான்சலரா (அரசாங்கத் தலைவரா) இருந்த ஷோல்ஸ் ரீவியிலை வந்து, மொடலை வைச்சுக் கணக்குப் போட்டுப்போட்டு இப்பிடிச் சொல்லுறது பொறுப்பில்லாத வேலை எண்டு சினந்தவர். எங்கட வகுப்பிலை ஒரு பெடியன்ர தகப்பன் ஆத்துக்கு அங்காலை அந்தக் கெமிக்கல் ஃபக்ரறியிலைதான் வேலை. அவன் எழும்பிச் சொன்னான், "0.5 எண்டு நீங்கள் சொல்லுறதிலை எங்கட வீடு எத்தினையாவது தசமத்திலை நிக்குது?" ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. புரொஃபெசர்கூட உடனை ஒண்டும் சொல்லேல்லை, தண்ணி குடிச்சார்.

ஆனால் என்ர தலையிலை விழுந்த அடி இது ரெண்டும் இல்லை. அது ஊரிலையிருந்து வந்தது.

எங்கட அம்மம்மா பருத்தித்துறையிலை. அம்மா மாசாமாசம் அவவுக்குக் காசு அனுப்புவா, பாங்காலை இல்லை, உண்டியலாலை. உங்கட வாசகருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை, இங்க கடையிலை பவுணைக் குடுத்தால் அங்க அடுத்த நாள் ஆரோ மோட்டச்சைக்கிளிலை வந்து வீட்டிலை ரூபாய் குடுப்பினம். 2021 கடைசியிலை இலங்கை மத்திய வங்கி டொலரை 200, 203 ரூபாய்க்குள்ளை கட்டி வைச்சிருந்தது. உண்டியல்காரன் அதைவிட நல்லாக் கூடக் குடுத்தவன். அம்மா ஏன் பாங்குக்குப் போவா? அவவுக்கு அது நாலு சாமான் கூட வாங்கிற காசு, அவ்வளவுதான்.

2022 மார்ச் 7, திங்கக்கிழமை, ரூபாயை அவிட்டு விட்டவை. முதல்லை 230 க்கு மேலை போகாது எண்ட மாதிரித்தான் கதை. மாச முடிவிலை 300 க்குக் கிட்ட, மே மாசம் 360. அம்மா சந்தோசத்திலை எனக்குக் கோல் எடுத்தா, "பிள்ளை, ரேற் ஏறிட்டுது, இந்த மாசம் அம்மம்மாவுக்கு நிறையப் போகும்" எண்டு. ரெண்டு கிழமையாலை அம்மம்மாவோடை கதைச்சால் அவ சொல்லுறா, "காசு கிடக்குது பிள்ளை, சாமானைக் காணேல்லை." காஸ் சிலிண்டர் இல்லை, பால்மா இல்லை, மார்ச் கடைசியிலை கரண்ட் ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் வரைக்கும் நிண்டது. ஏப்ரல் 12, கடனை இனிக் கட்டேலாது எண்டு அரசாங்கம் அறிவிச்சுது, 1948 க்குப் பிறகு முதல் தடவை.

அந்த மார்ச் மாசந்தான் எங்களுக்கு வகுப்பிலை "முடியாத மூண்டு" எண்டு சொல்லுற பாடம், மண்டெல், ஃப்ளெமிங் எண்ட ஆக்கள் அறுபதுகளிலை செய்த வேலையிலையிருந்து வந்தது, மண்டெலுக்கு 1999 இலை நோபல் குடுத்தவை. சுருக்கம் இதுதான்: நாணய மாத்து விலையை ஒரே இடத்திலை கட்டி வைக்கிறது, காசு நாட்டுக்கு உள்ளையும் வெளியிலையும் தாராளமாப் போய் வாறது, வட்டியைத் தன்ர இஷ்டத்துக்கு வைக்கிறது, இந்த மூண்டிலை ரெண்டைத்தான் ஒரு நாடு ஒரே நேரத்திலை வைச்சிருக்கலாம். நான் கையைத் தூக்கிக் கேட்டன், இலங்கையிலை காசு வெளியிலை போறதுக்குக் கட்டுப்பாடு இருந்ததே, அப்ப ஏன் மாத்து விலையைப் பிடிச்சு வைக்கேலாமல் போச்சு எண்டு. பயிற்சி வகுப்பு எடுத்த அண்ணா (ஒரு பிஎச்டி மாணவன், அண்ணா எண்டு நான் மனசுக்குள்ளைதான் சொல்லுறது) திருப்பிக் கேட்டார், "கட்டுப்பாடு கடதாசியிலை இருந்ததோ, சனத்தின்ர கையிலை இருந்ததோ?"

எனக்கு அந்த இடத்திலை அம்மாதான் கண்ணுக்கு முன்னாலை வந்தா, கையிலை பவுணோடை கடை வாசலிலை. வெளிநாட்டிலை இருக்கிறவை இலங்கைக்குப் பாங்காலை அனுப்பின காசு 2020 இலை 7.1 பில்லியன் டொலர், 2021 இலை 5.5 பில்லியனுக்குக் கிட்ட, 2022 இலை 3.8. சனம் அனுப்பாமல் விடேல்லை, வழியை மாத்தினது. 203 எண்டு கட்டி வைச்ச விலையே அந்த வழியைத் திறந்து விட்டது, உண்டியலுக்குப் போன ஒவ்வொரு டொலரும் மத்திய வங்கிக்கு வராமல் போன டொலர், அது இல்லாமல் காஸ் கப்பலுக்குக் காசு கட்டேலாது, காஸ் கப்பல் இல்லாமல் அம்மம்மா விறகு பொறுக்கிறா. அம்மம்மாவுக்கு நாலு சாமான் கூட வாங்கட்டும் எண்டு அம்மா எடுத்த அதே முடிவும் அந்தக் கணக்குக்குள்ளைதான் நிக்குது. அம்மாவைக் குத்தம் சொல்லேலாது, 203 க்கு விக்கச் சொன்னவன்தான் பிழை, ஆனால் எழுபதுகளிலை கட்டின வீட்டிலை தனிய இருக்கிற கிழவியின்ர குசினிக்கும் ஸ்லைட்டிலை அந்த மூண்டையும் வைச்சுக் கீறிக் கிடந்த முக்கோணத்துக்கும் நடுவிலை நேர்க்கோடு ஒண்டு ஓடுறதை நான் அண்டைக்குத்தான் கண்டன்.

அதைத்தான் செமெஸ்ரர்க் கட்டுரையா எழுதினன். உண்டியல் ரேற்றுக்காக ஹரோவிலையும் ஈஸ்ற்ஹாமிலையும் தெரிஞ்ச ஆன்ரிமாருக்கெல்லாம் வட்ஸ்அப்பிலை கேட்டு, பழைய மெசேஜெல்லாம் தேடி எடுத்து ஒரு அட்டவணை போட்டன், ஒரு ஆன்ரி 2019 இலையிருந்து கொப்பியிலை எழுதி வைச்சிருந்தவ, திகதி, தொகை, ரேற், ஆர் கொண்டந்து குடுத்தது எல்லாம், எந்த மத்திய வங்கியிலையும் அப்பிடி டேற்றா கிடையாது. கட்டுரைக்கு வந்தது 1.7. ஜேர்மனியிலை 1.0 தான் திறம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். எனக்கு நிலம் காலிலை படேல்லை. அம்மாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னன், அங்காலை சத்தமே இல்லை. பிறகு மெல்லமாக் கேட்டா, "ஒண்டு புள்ளி ஏழோ... நூறுக்கோ?" இல்லையம்மா, இங்க குறையத்தான் நல்லம் எண்டு விளங்கப்படுத்தினன். "என்னைப் பற்றி எழுதினதாலை குறைச்சுப் போட்டாங்களோ?" எண்டா. அண்டைக்கு முழுக்க அவ நம்பேல்லை, சித்தப்பா கோல் எடுத்து உறுதிப்படுத்தினாப் பிறகுதான் சாப்பிட்டவ.

சித்தப்பாவும் ஒரு பாடம்தான். யூரோ நோட்டு வந்தது 2002 இலை, அவர் இப்பவும் கடையிலை விலையைப் பாத்து ரெண்டாலை பெருக்கி, "ஐயோ, முட்டை ஆறு மார்க்" எண்டுவார். ஒரு யூரோ 1.95583 மார்க் எண்டு வகுப்பிலை படிச்சன், அவர் அந்தத் தசமத்தையெல்லாம் விட்டிட்டு ரெண்டெண்டே வாழுறார். ஒரே காசு பல நாட்டுக்கு எண்டால் என்ன எண்டதை நான் விளங்கினது அவரோடை ஞாயிற்றுக்கிழமை சோறு திண்டுகொண்டு, கிறீஸ் கடன் காலத்திலை பக்கத்து வீட்டு ஜேர்மன்காரர் என்ன கதைச்சவை எண்டு கேட்டுத்தான். ஜூனிலை ஒன்பது யூரோ ரிக்கெற் வந்தது, மாசம் ஒன்பது யூரோவுக்கு நாடு முழுக்க பஸ், ராம், சாதாரண ரெயின் எல்லாத்திலையும் போகலாம், அந்த மாசம் நான் ஊரும் சுத்தினன், மறைக்கேல்லை.

அந்த அப்பா சொன்னதிலை சரியானதும் இருக்கு. கன யூனியளிலை அந்த வருஷத்து மார்க்ஸ் கடைசி டிகிரிக்குக் கணக்கில்லை, இல்லாட்டி மிச்சம் குறைவு, பாஸ் பண்ணினால் போதும். அதாலை பகல் பன்னிரண்டு மணிக்கு எழும்பி இங்கிலீஸ்காரரோடையே திரிஞ்சு, ஜேர்மன் மொழியிலை பியர் கேக்க மட்டும் பழகிக்கொண்டு திரும்பி வந்த ஆக்களையும் கண்டனான். ஜனவரி மாசம் ஐஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடும், ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் பூட்டு, பக்கத்து அறையிலை ஆர் இருக்கினம் எண்டே தெரியாது, ரெண்டு தரம் ரிக்கெற் போட்டு வீட்டை ஓடி வருவம் எண்டு நினைச்சன். அதோடை பாடத் தெரிவு ஒரு ஆக்கினை. வருஷத்துக்கு 60 ஐரோப்பியக் கிரெடிற் எடுக்க வேணும், இங்கத்தைய 120 க்குச் சமன். நான் தெரிவு செய்த ஒரு பாடத்தை அந்த முறை அங்க நடத்தேல்லை, பதிலா வேறை எடுக்கலாமோ எண்டு என்ர யூனிக்கு எழுதினால் ஆறு கிழமை மறுமொழி இல்லை, அதுக்குள்ளை வகுப்புப் பாதி முடிஞ்சிட்டுது. மறுமொழி வரேக்கை "வாழ்த்துக்கள், அனுமதிச்சிருக்கிறம்" எண்டு. நான் அந்தப் பாடத்தை அனுமதி வர முதலே படிக்கத் தொடங்கினபடியால் தப்பினன்.

ஆனபடியால் அந்த அப்பா யூனியிலை கேக்க வேண்டிய கேள்வி வேறை. மூண்டு வருஷமா மாத்தித் தாறியளோ எண்டு கேக்காமல், அந்த வருஷ மார்க்ஸ் எத்தினை வீதம் சேரும், உதவிக் காசு எந்த மாசம் கையிலை வரும், போன வருஷம் போன பிள்ளைக்கு எந்த மாசம் வந்தது, அங்க எக்கனொமிக்ஸ் பாடம் இங்கிலீஸிலை எத்தினை இருக்கு, இடம் கிடைக்காட்டி என்ன செய்வியள் எண்டு கேளுங்கோ. ரெண்டாவது கேள்விக்கு ஒப்பீசிலை இருக்கிறவை முகத்தை முகத்தைப் பாப்பினம், விடாதேங்கோ. பிரித்தானியா 2027 இலை எராஸ்முஸுக்குள்ளை திரும்பப் போறதெண்டு 2025 டிசெம்பரிலை அறிவிச்சவை, நல்ல செய்தி, ஆனால் 2021 இலை தொடங்கின எராஸ்முஸ் திட்டம் 2027 ஓடை முடிஞ்சு புதுசு தொடங்குது, உங்கட மகள் 2026 இலை சேர்ந்தால் அவ வெளியிலை போறது 2028 இலை. அப்ப எந்தக் காசு, எவ்வளவு எண்டு யூனியிட்டையே கேட்டு எழுதி வாங்கி வையுங்கோ. மாசம் ஐம்பது பவுணோ நூறு பவுணோ, இப்பவே சேர்க்கத் தொடங்கலாம். சீட்டெண்டால் தயவு செய்து நாலாம் மாசம் எடுக்காதேங்கோ.

பொம்பிளைப் பிள்ளை எண்டதுதான் உண்மைக் காரணம் எண்டால் அதையும் வெளிப்படையாக் கதையுங்கோ ஐயா, மகளோடை. காசெண்டு சொன்னால் அவ காசுக்கு வழி தேடுவா, தேடிக் கொண்டந்தாப் பிறகு நீங்கள் வேறை காரணம் தேட வேணும். எங்கட வீட்டிலை அதுதான் நடந்தது.

ஆசிரியர் ஐயா, அந்த அப்பாவோ மகளோ கேட்டால் என்ர இமெயிலை அவைக்கு மட்டும் குடுங்கோ. பூட்டு எக்கவுண்ட் ஃபோர்மும் விலாசம் பதியிற ஃபோர்மும் நானே நிரப்பித் தருவன், இப்ப நித்திரையிலும் நிரப்புவன். தங்கைச்சி மன்ஹைம் பக்கம் போறதெண்டால் சித்தப்பா வீட்டுக் கீழறையிலை என்ர ரைஸ் குக்கர் ஒண்டு கிடக்கு, ஜேர்மன் பிளக், மூடியிலை கைபிடி மட்டும் உடைஞ்சது, சோறு நல்லா வேகும். எடுத்துக்கொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவி ஒருத்தி,
ஹரோ, லண்டன்